இடது கைக்கு ஒரு பேனா

லீவு ரிஜிஸ்டர் எழுதுகிற வேலையில் மூளைக்கு அதிகச் சிரமம் இல்லை. எல்லாச் சிரமமும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில்தான். நெய்வேலியில் மைன்ஸ் ஆபீஸ் ஒன்றின் லீவு செக்‌ஷனில், எழுபதுகளின் நடுவில் நான் சேர்ந்தேன். சுரங்கத்தில் இறங்குகிற ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு பக்கம். யார் எந்த நாளில் எதற்காக வரவில்லை என்பதை அந்தப் பக்கத்தில் மைப்பேனாவால் எழுத வேண்டும். பால்பாயின்ட் பேனா கூடாது. அதன் எழுத்து சில வருஷத்தில் எண்ணெய் போலப் பரவி மறைந்துவிடும் என்று பெரியவர்கள் யாரோ முடிவு செய்திருந்தார்கள்.

பள்ளிக்கூட டீச்சர், பத்திரம் எழுதுகிறவர், கோர்ட்டு குமாஸ்தா என்று எழுதிப் பிழைக்கிற யாராக இருந்தாலும், சாயங்காலம் கையை உதறிக்கொண்டே பஸ் ஏறிய அனுபவம் உங்களுக்கு இருக்கும். உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். நடுவிரலின் பக்கவாட்டில் தொட்டுப் பாருங்கள். காய்ப்பு இருந்தால் நீங்கள் நம்ம ஆள். ஒரே ஒரு வித்தியாசம், எனக்கு அந்தக் காய்ப்பு இடது கையில்.

ஜாயினிங் ரிப்போர்ட்

அப்பா கன்வேயர் பெல்ட் மெக்கானிக்காக இருந்தார். சர்வீஸில் இருக்கும்போதே நெஞ்சுவலியில் போய்விட்டார். அந்த அடிப்படையில் எனக்கு வேலை கிடைத்தது. ஒரு வருஷம் புரபேஷன். பர்மனென்ட் ஆனால்தான் அம்மாவும் நானும் இருந்த குவார்ட்டர்ஸ் என் பெயருக்கு மாறும். ஆகவில்லையென்றால் சொந்த ஊர் கோவில்பட்டிக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். அங்கே எங்களுக்காக யாரும் கதவைத் திறந்து வைத்திருக்கவில்லை.

முதல் நாள் காலையில் "செண்பகவல்லி ஆகிய நான்" என்று ஜாயினிங் ரிப்போர்ட் எழுத ஆரம்பித்தேன். ஹெட் கிளார்க் தணிகாசலம் சார் எதிரே நின்றுகொண்டிருந்தார். திருத்தணிக்காரர், கட்டுப்பாடான மனிதர். ரூல் தடியைக்கூட மேஜை விளிம்புக்கு இணையாக வைப்பவர். அவர் நான் எழுதியதைப் பார்க்கவில்லை, எழுதுகிற கையைப் பார்த்தார். நான் முதல் வரியை முடிப்பதற்குள் உள்ளங்கையின் ஓரம் அதன் மேலேயே நகர்ந்து, என் பெயரில் பாதி நீலமாக இழுபட்டுவிட்டது. சின்ன வயதிலிருந்து பழகிய விஷயம்தான் என்றாலும், அன்றைக்கு வெட்கமாக இருந்தது. வேறு தாள் கேட்டேன். தாளை நீட்டிக்கொண்டே அவர் சொன்னார்:

"இந்த ஆபீஸ்ல மைக்கூடு வலது பக்கம், ஃபைல் வலது பக்கம், நானும் வலது பக்கம். நீ எங்கம்மா உக்காரப் போற?"

நீலத் திட்டு

வலது கையால் எழுதுகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு, அவர்களுக்கே அது தெரியாது. எழுதி முடித்த எழுத்தைவிட்டு அவர்கள் கை விலகிப் போய்க்கொண்டே இருக்கும். இடது கை அப்படியல்ல. எழுதியதன் மேலேயே ஏறிப் போகும். நான் வலது கையில் மை ஒத்தும் தாளைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு ஒத்து ஒத்திப் பார்த்தேன். எழுத்து வெளிறிப் போனது. வேலை பாதி வேகத்தில் நடந்தது. அவசரத்தில் ஒத்தாமல் விட்ட இடங்களில் திட்டு விழுந்தது.

அப்படி விழுந்த ஒரு திட்டுதான் கலியமூர்த்தியின் பக்கத்தில். சேத்தியாத்தோப்புப் பக்கத்து ஊர்க்காரர், பெல்ட் ஆபரேட்டர். ஒரு நாள் கையில் மெமோவோடு என் மேஜைக்கு வந்து நின்றார். அவருடைய கேஷுவல் லீவை நான் எழுதியிருந்தேன். ஆனால் கை பட்டு அந்தக் கட்டம் முழுக்க நீலமாகிவிட்டது. மாதக் கடைசியில் அதைப் பார்த்துப் பதிவு செய்தவர், எழுத்து எதுவும் தெரியாததால் 'ஆப்சென்ட்' என்று போட்டுவிட்டார். "லீவு குடுத்துட்டுத்தாம்மா போனேன். வூட்ல அவ வலியெடுத்துத் துடிச்சிகினு கெடந்தா. அன்னிக்குத்தான் கொழந்த பொறந்தது. சொல்லாம கொள்ளாம எங்கியோ போயிட்டேன்னு இதுல எழுதியிருக்குதாமே?" என்றார். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் என்னிடம் விளக்கம் கேட்பது போலக் கேட்டார்.

தப்பு என் கையுடையது, அவருடையதல்ல என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பினேன். தணிகாசலம் சார் அதைப் படித்துவிட்டு, "புரபேஷன்ல இருக்கற பொண்ணு எழுதற கடுதாசியா இது? உன் ஃபைல்ல ஏறிடும்மா" என்று எச்சரித்தார். ஏறட்டும் என்றேன். எட்டு பத்து நாளில் ஆப்சென்ட் அடிக்கப்பட்டு லீவாகத் திருத்தப்பட்டது. கலியமூர்த்தி வந்து அந்தப் பக்கத்தைக் காட்டச் சொன்னார். இங்கிலீஷ் படிக்கத் தெரியாது என்றாலும் திருத்திய இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இப்ப சரிம்மா. நான் பொறந்தப்ப நீ எங்க இருந்தேப்பான்னு நாளைக்கு எம் பொண்ணு கேட்டா, காட்டறதுக்கு ஒரு காயிதம் இருக்குது."

மூன்று மாதக் கெடு

ஹெட் கிளார்க் சொன்னபடியே என் கடிதம் ஃபைலில் ஏறியது. பர்சனல் ஆபீசர் ராமநாதன் கூப்பிட்டு அனுப்பினார். அவர் கெட்டவர் அல்ல, நேரமில்லாதவர். "உண்மையைச் சொன்னது நல்ல விஷயம். ஆனா ரிஜிஸ்டர் சுத்தமா இருக்கணும். இன்னும் மூணு மாசத்துல புரபேஷன் முடியுது. வலது கையால எழுதிப் பழகுங்க. இல்லேன்னா உங்க பேரை நான் கன்ஃபர்மேஷனுக்கு அனுப்ப முடியாது" என்றார். அம்மாவும் அதையேதான் சொன்னாள். சோறு மட்டும் வலது கையால் சாப்பிடக் கற்றுக்கொள்ளவில்லையா, எழுத்துக்கு என்ன கேடு என்றாள்.

சரி என்று மூன்று வாரம் வலது கையால் எழுதினேன். பொய்யாக அல்ல, மனதார முயன்றேன். வீட்டில் காலையில் நாலு பக்கம், ஆபீஸில் நாள் முழுக்க. தோள்பட்டையிலிருந்து மணிக்கட்டு வரை யாரோ முறுக்கிப் பிழிந்தது போல வலித்தது. எழுத்து கறையில்லாமல் வந்தது. ஆனால் அது எழுத்தாக வரவில்லை. ஏழு ஒன்று மாதிரி இருந்தது, ஆறு பூஜ்யம் மாதிரி இருந்தது. தப்பான எண்ணைச் சுத்தமாக எழுதுவதில் யாருக்கு என்ன லாபம்? நான் தயங்கிக்கொண்டிருந்தபோது, லீவு பாக்கி கேட்க வந்த ஒரு தொழிலாளி தன் பக்கத்தைக் குனிந்து பார்த்துவிட்டு அக்கறையோடு விசாரித்தார்:

"முன்னாடி எழுதிகினு இருந்த பொண்ணு நல்லா எழுதும்மா. அதை எந்த செக்‌ஷனுக்கு மாத்திட்டாங்க?"

அன்றைக்கே பேனாவை இடது கைக்கு மாற்றினேன். மாற்ற வேண்டியது கையை அல்ல, பேனாவை என்று முடிவு செய்தேன். இருந்தது இரண்டு மாதம் சொச்சம்.

ஒன்பதாவது பேனா

மெயின் பஜாரில் ஷாஜகான் என்பவர் ஸ்டேஷனரிக் கடை வைத்திருந்தார். என் வயதுதான் இருக்கும். பேச்சில் படுவேகம். எந்தப் பேனாவை எடுத்தாலும், "எடுத்துக்குங்கக்கா, வெண்ணெய் மாதிரி போகும்" என்பார். நான் எங்கள் ரிஜிஸ்டர் தாளில் ஒரு துண்டும், ஒரு மைப்புட்டியும் வீட்டிலிருந்தே கொண்டு போயிருந்தேன். கடையில் எழுதிப் பார்க்கத் தரும் வழவழப்பான தாளில் எந்தப் பேனாவும் நன்றாகத்தான் எழுதும். தினமும் எழுதப் போகிற தாளில் எழுதிப் பார்த்தால்தான் அதன் குணம் தெரியும்.

முதல் நாளில் நாலு பேனா, மறுநாள் மூன்று. தங்க வளையம் போட்ட ஒல்லிப் பேனா பார்க்க அழகாக இருந்தது. ஐந்து நிமிஷத்தில் விரல் வலித்தது. ஒல்லியாக இருப்பதை இறுக்கிப் பிடிக்கத்தான் கை நினைக்கும். உலோகப் பேனா நம் ஊர் வெயிலில் வியர்த்த விரலில் வழுக்கியது. இன்னொன்று மூடியைப் பின்னால் செருகினால் வால் கனத்து மணிக்கட்டை இழுத்தது. பட்டை நிப் மையைக் கொட்டியது. அது காய்வதற்குள் என் கை அதன் மேல் ஏறிவிடும். எனக்கு வேண்டியது பருமனான உடம்பு, லேசான எடை, மெல்லிய நிப். மூன்றும் சேர்ந்து ஒரே பேனாவில் இல்லை. மூன்றாவது நாள் ஷாஜகான், நான் வருவதைப் பார்த்ததுமே கண்ணாடிப் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

கடைசியில் எட்டாவதாக, பெட்டியின் அடியில் கிடந்த, கெட்டி ரப்பரில் கடைந்த ஒரு கறுப்பு எபொனைட் பேனாவை எடுத்தேன். பளபளப்பு கிடையாது, கிளிப்பில் லேசாகத் துரு. ஆனால் விரல்கள் அதன் கழுத்தில் தாமாகப் போய் உட்கார்ந்தன. வியர்வையில் வழுக்கவில்லை. மூடியைத் தனியே வைத்துவிட்டு எழுதினால் கையில் இருப்பதே தெரியவில்லை. நிப் மட்டும் சரியில்லை, தாளைக் கீறியது. ஒன்பதாவதையும் ஒரு தடவை பார்த்துவிடுகிறேன் என்று கை நீட்டியபோது அவர் பொறுமை போய்விட்டது.

"அக்கா, நீங்க வாங்க வந்தது பேனாவா, மாப்பிள்ளையா?"

மூடி சேவியரிடம்

எட்டாவதையே வாங்கி வந்தேன். அந்த எபொனைட் உடம்புக்கு ஏற்ற நிப் எது என்று தெரிந்துகொள்ள, ஆபீஸில் உள்ளவர்களின் பேனாக்களை இரவல் கேட்டு எழுதிப் பார்த்தேன். மைப்பேனாவை யாரும் மனமுவந்து தர மாட்டார்கள். நிப் ஒரு கைக்குப் பழகியது, வேறு கை பட்டால் கெட்டுவிடும் என்று பயம். பக்கத்து மேஜை சேவியர், தூத்துக்குடிக்காரர், தன்னுடைய மெல்லிய நிப் பேனாவின் மேல் உயிரையே வைத்திருந்தார். இருந்தாலும் என் கெடு அவருக்குத் தெரியும். மூடியைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பேனாவை மட்டும் கொடுத்தார். மூடி இல்லாத பேனாவை யாரும் மறந்து எடுத்துப் போக மாட்டார்கள்.

அரை நாள் அதில் எழுதினேன். இரண்டு விஷயம் புரிந்தது. ஒன்று, மெல்லிய நிப்பில் மை குறைவாக இறங்குவதால் சட்டென்று காய்கிறது. இன்னொன்று, அவர் கையில் ஓடுகிற நிப் என் கையில் ஏன் கீறுகிறது என்பது. வலது கைக்காரர் பேனாவை இழுத்துக்கொண்டு போகிறார். நான் தள்ளிக்கொண்டு போகிறேன். மண்வெட்டியை முன்னால் தள்ளினால் தரையில் குத்தும் அல்லவா, அதுதான். தாளின் பஞ்சு நிப்பின் பிளவில் சிக்கிக்கொண்டு எழுத்து தடித்தது. மத்தியானம் பஞ்சை எடுத்து, துடைத்து, நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். சேவியர் ஒரு வரி எழுதிப் பார்த்தார். இன்னொரு வரி எழுதினார். பிறகு மிகுந்த மரியாதையோடு சொன்னார்:

"ஒண்ணும் இல்ல மேடம், நல்லாத்தான் எழுதுது. என்னைப் பாக்காம உங்க மேஜைப் பக்கமே திரும்பித் திரும்பிப் போகுது."

ஜீரோ நம்பர் எமரி

குத்துகிற நிப்பை என்ன செய்வது? எதிர் குவார்ட்டர்ஸில் பழனிச்சாமி அண்ணன் இருந்தார். பொள்ளாச்சிப் பக்கம், ஒர்க்‌ஷாப்பில் லேத் ஓட்டுகிற டர்னர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நிப்பை ஒரு தாளில் மடித்துக்கொண்டு போய், இதைத் தேய்த்துக் கொடுக்க முடியுமா என்று கேட்டேன். பூதக்கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தார். "நுனி உருண்டையா இல்லீங்க அம்மிணி. நீங்க தள்ளுற பக்கம் ஒரு மூலை கூரா நிக்குது. அதுதான் தாளைப் புடிக்குது" என்றார். ஆனால் தேய்த்துத் தர மறுத்துவிட்டார். நான் பேனாவைப் பிடிக்கிற சாய்மானம் எனக்குத்தான் தெரியும், அதனால் நானேதான் தேய்க்க வேண்டும் என்றார். உப்புத்தாள் மாதிரி, ஆனால் மிக நைசான, ஜீரோ நம்பர் எமரித் தாளில் ஒரு துண்டு கொடுத்தார். அழுத்தாமல், அதன் மேல் எழுதுகிற மாதிரியே எட்டு என்ற எண்ணைத் திரும்பத் திரும்பப் போட வேண்டும். பத்து எட்டுக்கு ஒரு முறை தாளில் எழுதிப் பார்க்க வேண்டும்.

நிப் தனியாகக் கிடைக்கும் காலம் அது. முதல் நிப்பை அதிகம் தேய்த்து நுனியே போய்விட்டது. இரண்டாவது நிப்பின் பிளவு அகன்று, மை அழுதது. மூன்றாவது தேறும் போலிருந்தது, கீழே விழுந்து மூக்கு வளைந்தது. அன்றைக்கு மட்டும் அழுதேன். நாலாவது நிப்பை ஒரு வாரம் வைத்துக்கொண்டு, ஒரு நாளைக்கு இருபது எட்டுக்கு மேல் போடுவதில்லை என்று பிடிவாதமாக இருந்தேன். ஏழாம் நாள் காலையில் அது சத்தமில்லாமல் எழுதியது. கூடவே ரிஜிஸ்டரையும் அதன் மேல்முனை வலது பக்கம் சாயும்படி நன்றாகத் திருப்பி வைத்து, கையை வரிக்குக் கீழே வைத்து எழுதப் பழகினேன். கை எழுத்தின் மேல் ஏறவே இல்லை. ஓடிப் போய் எதிர் வீட்டில் காட்டினேன். நான் இவ்வளவு நாளும் கையையே குறை சொல்லிக்கொண்டிருந்ததைச் சொன்னபோது, பழனிச்சாமி அண்ணன் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"மிஷினுக்குத் தக்கன டூலத்தானுங்க கிரைண்ட் பண்ணோணும். டூலு சேரலீன்னு எவனாச்சும் மிஷினப் போயி கிரைண்ட் பண்ணுவானா?"

நீலத் தம்ளர்

பேனா அமைந்தால் மட்டும் போதாது, அதைக் காப்பாற்றவும் வேண்டும். எங்கள் ஆபீஸ் ஜன்னல் வழியாக வரும் பழுப்புத் தூசி ரிஜிஸ்டர், டிபன் பாக்ஸ், கண் இமை என்று எங்கும் படியும். மையில் அது விழுந்து, நிப்புக்கு அடியில் மையை இறக்குகிற கட்டையின் வரிகளை அடைத்துக்கொள்ளும். அதனால் சனிக்கிழமைதோறும் பேனாவைக் கழற்றி, நிப்பையும் கட்டையையும் தம்ளர் தண்ணீரில் ஊறப் போடுவேன். இன்னொரு தொல்லையும் உண்டு. பருமனான பேனாவில் மை பாதியாகக் குறைந்ததும், கைச்சூட்டில் உள்ளே இருக்கிற காற்று விரிந்து ஒரு சொட்டைத் துப்பிவிடும். மை குறைய விடாமல் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு தடவை நிரப்பிக்கொண்டால் அந்தத் தொல்லை இல்லை. இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன்.

அம்மாவுக்கு என் முடிவில் இன்னும் சம்மதமில்லை. வலது கையால் எழுதியிருந்தால் இத்தனை பாடு எதற்கு என்று முனகிக்கொண்டிருந்தாள். ஒரு சனிக்கிழமை, அப்பாவோடு வேலை பார்த்தவர் ஒருவர் மனைவியோடு வந்திருந்தார். அடுக்களையில் இருந்த நாலு தம்ளரிலும் என் பேனாவின் நிப், கட்டை, கழுத்து, உடம்பு என்று தனித்தனியாக ஊறிக்கொண்டிருந்தன. அம்மா ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்துவிட்டு, என் காதருகே குனிந்து பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்:

"ஏட்டி, வந்தவுகளுக்குக் காப்பி கொடுக்கவா, இங்க்கு கொடுக்கவா?"

இனிஷியல்

கெடு முடிகிற வாரம் ராமநாதன் சார் எங்கள் செக்‌ஷனுக்கே வந்தார். என் ரிஜிஸ்டரைக் கொண்டுவரச் சொல்லிக் கடைசி ஒரு மாதத்துப் பக்கங்களைப் புரட்டினார். ஒரு திட்டுகூட இல்லை. அவர் முகத்தில் திருப்தி தெரிந்தது. "பாத்தீங்களா, வலது கை பழகிடுச்சு" என்றார். "இல்லைங்க சார். இடது கைதான்" என்றேன். என் பின்னால் தணிகாசலம் சார் தொண்டையைச் செருமினார். சும்மா இருந்தால் என்ன என்று அதற்கு அர்த்தம். ஆபீசர் நம்பவில்லை. எதிரே உட்கார்ந்து எழுதச் சொன்னார்.

ரிஜிஸ்டரைத் திருப்பி வைத்து, மூடியைக் கழற்றினேன். அன்றைக்கு வந்திருந்த லீவு லெட்டர்களை அவர் ஒவ்வொன்றாகப் படிக்கப் படிக்க எழுதினேன். பன்னிரண்டு பதிவு. செக்‌ஷனில் மற்ற பேனாக்கள் எல்லாம் நின்றுவிட்டன. முடித்துவிட்டு அவர் பக்கம் திருப்பினேன். சுத்தமாக இருந்தது. அவர் பாராட்டுகிற தோரணையில், கடைசி வரியைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே படித்தார். சித்திரை வெயில், வியர்த்த விரல், ஈரம் காயாத மை. வரி முழுக்க நீலமாக இழுபட்டது.

அவர் தன் கட்டைவிரலைப் பார்த்தார். ரிஜிஸ்டரில் கறையோ திருத்தமோ வந்தால், அதைச் செய்தவர் பக்கத்தில் சுருக்கக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது அவரே கையெழுத்திட்டு அனுப்பிய சர்க்குலர். நான் மெதுவாகப் பேனாவை நீட்டினேன். வாங்கிக்கொண்டார். வலது கையால் இரண்டு எழுத்து போட முயன்றார். என் சாய்மானத்துக்குத் தேய்த்த நிப் அவர் கையில் கிறீச்சென்று தாளைக் கீறியது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். முதல் முறையாகச் சிரித்தார்.

"கறை என்னுதுதான், இனிஷியல் நான்தான் போடணும். ஆனா வேற பேனா குடுங்கம்மா, உங்க பேனாவுக்கு என் கை பிடிக்கலை."

எந்தக் கை?

அடுத்த மாதம் பர்மனென்ட் ஆர்டர் வந்தது. அம்மா அதை அப்பா படத்துக்குக் கீழே இரண்டு நாள் வைத்திருந்தாள். குவார்ட்டர்ஸ் என் பெயருக்கு மாறியது. நான் நல்ல எழுத்துக்காரி என்று கொஞ்சம் பெயரும் வந்தது.

சில வருஷம் கழித்து, வளையமாதேவியிலிருந்து வேலைக்கு வந்துகொண்டிருந்த அட்டெண்டர் தனலட்சுமியின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பத்திரிகைகளில் விலாசம் எழுதித் தரச் சொல்லி ஒரு கட்டு கொடுத்தாள். மறுநாளே வந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். மங்களகரமான பத்திரிகையை இடது கையால் எழுதக்கூடாது என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லிவிட்டார்களாம். கட்டைத் திருப்பிக் கொடுத்தேன். ரிஜிஸ்டரில் ஜெயித்த கைக்குக் கல்யாணத்தில் இடமில்லை என்று நினைத்துக்கொண்டேன். அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

பதினைந்து நாள் கழித்து அதே தனலட்சுமி, அதே பையோடு திரும்பி வந்தாள். மாப்பிள்ளையின் சித்தப்பா வலது கையால் எழுதிய பத்திரிகைகளில் ஒரு கொத்து, விலாசம் புரியாமல் தபாலில் திரும்பி வந்துவிட்டது. வடலூருக்குப் போக வேண்டியது ஒன்று வேலூருக்குப் போய் வந்திருந்தது. மிச்சமிருந்ததையும் சேர்த்து என் மேஜையில் கொட்டினாள். "சம்பந்தி வீட்டுல ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?" என்றேன். வீம்புக்குத்தான் கேட்டேன், அதற்குள் பேனாவின் மூடியைக் கழற்றியிருந்தேன். தனலட்சுமி மடியிலிருந்து ஒரு பொட்டலம் மஞ்சளை எடுத்து வைத்தாள்.

"நானே சொல்லிட்டேம்மா. தபால்காரரு எழுத்தைத்தான் படிக்கறாரு, எந்தக் கையில எழுதினதுன்னு மோந்து பாத்துகினா இருக்காருன்னு கேட்டுட்டேன்."

இத்தனை வருஷம் எழுதியதில் நான் கண்டது ஒன்றுதான்: எழுதும்போது கையில் இருப்பதே மறந்துபோக வேண்டும், எழுதி முடித்தபின் இரவல் கேட்கிறவர் கண்ணில் படாமலும் இருக்க வேண்டும், அதுதான் நல்ல பேனா.